திரையிசை கணினிக்குள் வந்த கதை

கோடம்பாக்கத்தில் ஒரு காலத்தில் பாட்டுப் பதிவு என்றால் காலையிலேயே களைகட்டிவிடும். வயலின் பெட்டியும் தபேலா பையுமாக வாத்தியக்காரர்கள் கால்ஷீட்டுக்கு வந்து இறங்குவார்கள். உதவியாளர்கள் நொட்டேஷன் தாள்களைப் படியெடுத்து ஒவ்வொரு ஸ்டாண்டிலும் வைப்பார்கள். ஐம்பது அறுபது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசிக்க, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பாடகர் பாட, மொத்தப் பாட்டும் ஒரே மூச்சில் பதிவாகும். இரண்டாவது சரணத்தில் ஒரு புல்லாங்குழல் பிசிறினால் பல்லவியிலிருந்து இன்னொரு டேக். டேக் ஓகே ஆகிவிட்டால் அதற்குப் பிறகு மாற்ற எதுவும் இல்லை.

இன்று அதே வேலை ஒரு கணினி, ஒரு மிடி கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர் உள்ள அறைக்குள் நடக்கிறது. பாடகர் மும்பையில் பாடி ஃபைலை அனுப்புகிறார். வயலின்கள் ஹங்கேரியிலோ மாசிடோனியாவிலோ பதிவாகின்றன. நாகஸ்வரக் கலைஞர் ஒரு மாலை வந்து தன் பகுதியை மட்டும் வாசித்துவிட்டுப் போகிறார். பாட்டு வெளியாவதற்கு முந்தைய இரவு வரை அதில் ஏதாவது ஒன்று மாறிக்கொண்டே இருக்கும்.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் சுமார் நாற்பது ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் என்ன நடந்தது, எது கிடைத்தது, எது போனது என்பது இப்போது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். தமிழ்நாட்டின் எந்த ஊரை எடுத்தாலும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். எந்த ப்ளக்-இன் வாங்கலாம் என்று சொல்லும் வீடியோக்கள் அவருக்கு ஆயிரம் கிடைக்கின்றன. இந்தக் கருவிகள் எங்கிருந்து வந்தன, எதற்காக வந்தன, நம் இசைக்கு அவை எங்கே பொருந்துகின்றன, எங்கே முரண்டு பிடிக்கின்றன என்று சொல்ல ஆள் குறைவு.

ஒரு கேபிளில் தொடங்கியது

1983 ஜனவரியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடந்த 'நாம்' (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில், இரண்டு போட்டி நிறுவனங்களின் கீபோர்டுகளை ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்று சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் ப்ராஃபெட் 600. மற்றது ஜப்பானிய ரோலண்டின் ஜூப்பிட்டர் 6. ஒன்றில் விரல் வைத்தால் மற்றதும் ஒலித்தது. மிடி பிறந்தது இப்படித்தான். சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இகுடாரோ காகேஹாஷியும் இந்த ஏற்பாட்டுக்கு உரிமக் கட்டணம் எதுவும் வைக்கவில்லை. எந்த நிறுவனமும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். அதனால்தான் அது உலகம் முழுக்கப் பரவியது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2013இல், இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

மிடிக்குள் ஒலி கிடையாது. எந்தக் கட்டையை அழுத்தினார்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினார்கள், எப்போது விட்டார்கள் என்ற குறிப்பு மட்டுமே அதில் ஓடும். அழுத்தும் வேகத்துக்கு 0 முதல் 127 வரை ஓர் எண். இந்தக் குறிப்புகளைச் சேமித்து மறுபடி வாசிக்க வைக்கும் கருவிக்குச் சீக்வென்சர் என்று பெயர். ஒருவர் வாசித்ததை வேகம் மாற்றி, சுருதி மாற்றி, வேறு வாத்தியத்துக்கு மாற்றி, தப்பான ஒரு ஸ்வரத்தை மட்டும் திருத்தி மறுபடி கேட்க முடிந்தது. வாசித்து முடித்த பிறகும் வாசிப்பை இவ்வளவு எளிதாகத் திருத்தலாம் என்பது பெரிய வசதி.

மூன்றே ஆண்டுகளில் அது சென்னைக்கு வந்துவிட்டது. 1986இல் 'புன்னகை மன்னன்', 'விக்ரம்' படங்களில் இளையராஜா சீக்வென்சரையும் மின்னணு ஒலிகளையும் வெளிப்படையாகவே பயன்படுத்தினார். கைப்பட ஸ்வரம் எழுதி அறுபது பேரை ஒரே கூடத்தில் நடத்திக்கொண்டிருந்தவர்தான் அதையும் செய்தார் என்பது முக்கியம். புதிய கருவி வந்ததற்காக அவர் பழைய கூடத்தை மூடிவிடவில்லை. இயந்திரத்தால் மட்டுமே வரக்கூடிய, இம்மியும் பிசகாத ஒரு துடிப்பு எங்கே தேவையோ அங்கே மட்டும் வைத்தார். அந்த நாட்களில் அவரிடம் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த இளைஞர் திலீப், பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மான் ஆனார்.

வீட்டுக் கொல்லையில் ஒரு ஸ்டூடியோ

ரஹ்மான் படங்களுக்கு இசையமைக்க வருவதற்கு முன்பே தன் வீட்டை ஒட்டி ஒரு ஸ்டூடியோ கட்டினார். பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்று அதற்குப் பெயர். அங்கே முதலில் உருவானவை விளம்பர ஜிங்கிள்கள். லியோ காபி விளம்பரம் அதில் பிரசித்தம். முப்பது விநாடியில் ஒரு பொருளை மனதில் நிறுத்த வேண்டிய அந்த வேலை, ஒவ்வொரு ஒலியையும் தனியாக எடுத்துச் செதுக்கும் பழக்கத்தைக் கொடுத்தது. பெரிய ஸ்டூடியோவில் மணிக்கணக்குக்கு வாடகை ஓடும்போது ஒரு பேஸ் ஒலிக்காக இரவு முழுக்க உட்கார முடியாது. சொந்த அறையில் முடியும்.

1992இல் 'ரோஜா' வந்தது. கேசட்டைப் போட்டவர்கள் முதலில் கவனித்தது மெட்டை விடவும் ஒலியைத்தான். அடியில் பேஸ் தெளிவாக நின்றது. குரல் காதருகே இருந்தது. வாத்தியங்களுக்கு நடுவில் காற்றோட்டமான இடைவெளி இருந்தது. அறிமுகப் படத்துக்கே அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்த ஒலிக்குப் பின்னால் சவுண்ட் இன்ஜினியர்களின் உழைப்பு பெரியது. ரஹ்மானோடு பல ஆண்டுகள் பணியாற்றிய எச்.ஸ்ரீதர் 'மகாநதி', 'லகான்' போன்ற படங்களின் ஒலிக்காகத் தேசிய விருதுகள் பெற்றவர். 2008இல் அவர் மறைந்தபோது தென்னிந்தியத் திரை ஒலி ஒரு முன்னோடியை இழந்தது.

பஞ்சதனில் மாறியது கருவி மட்டும் இல்லை, வேலையின் வரிசையே மாறிவிட்டது. பழைய முறையில் எல்லா முடிவும் பதிவுக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்கும். தாளில் எழுதியதுதான் பாட்டு. இங்கே பாடகர் தனியாக வந்து ஒரே வரியைப் பல விதமாகப் பாடிவிட்டுப் போவார். புல்லாங்குழல்காரர் மெட்டைக் கேட்டு மனம் போனபடி வாசிப்பார். எல்லாம் பதிவாகும். எதை வைப்பது, எதை விடுவது, எந்த ஆலாபனையை எந்த இடத்தில் பொருத்துவது என்பதெல்லாம் பிறகு முடிவாகும். தங்கள் குரல் பாட்டில் எந்த வடிவில் வந்திருக்கிறது என்பதைக் கேசட் வெளியான பிறகே தெரிந்துகொண்டதாகப் பல பாடகர்கள் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். வாசிப்பவருக்குச் சுதந்திரம் கூடியது. வாசிப்பின் மீதான கடைசி அதிகாரம் அவர் கையை விட்டு இசையமைப்பாளரின் மேஜைக்குப் போனது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

டிஸ்க் பெரிதான கதை

1985இல் வந்த அட்டாரி எஸ்.டி. கணினியில் மிடி செருகுமிடம் உள்ளேயே இருந்தது. அதனால் ஐரோப்பிய ஸ்டூடியோக்களின் செல்லப்பிள்ளை ஆனது. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1989இல் கியூபேஸை வெளியிட்டது முதலில் அந்தக் கணினிக்குத்தான். திரையில் இடமிருந்து வலமாகக் காலம் ஓட, வாத்தியங்கள் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக அடுக்கப்பட்ட தோற்றம் அப்போதுதான் பரவலானது. லாஜிக், ப்ரோ டூல்ஸ் என்று இன்று எதைத் திறந்தாலும் அதே தோற்றம்தான்.

ஆனால் அன்றைய கணினியால் மிடியைத்தான் தாங்க முடிந்தது. குரலைத் தாங்க முடியவில்லை. இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். படத்துக்கான ஒலி நொடிக்கு 48,000 மாதிரிகளாகப் பதிவாகிறது. 24 பிட் என்றால் ஒரு மாதிரிக்கு மூன்று பைட். ஒரு நிமிடத்துக்கு 8.64 மெகாபைட். ஐந்து நிமிடப் பாட்டுக்கு 24 டிராக் வைத்தால் ஒரு கிகாபைட்டைத் தாண்டிவிடும். 1990களின் தொடக்கத்தில் மேஜைக் கணினிகளின் ஹார்டு டிஸ்க் அதில் ஒரு சிறு பங்குதான். 1991இல் ப்ரோ டூல்ஸ் முதன்முதலில் வந்தபோது அதில் இருந்தது நான்கே டிராக்.

ஆகவே பல ஆண்டுகள் டேப்பும் கணினியும் கைகோத்து ஓடின. குரலும் வாத்தியங்களும் டேப்பில். கீபோர்டு ஒலிகள் கணினியில். இரண்டையும் டைம்கோட் இணைத்தது. 1992இல் விற்பனைக்கு வந்த அடாட் என்ற கருவி, வீடியோ கேசட் ஒன்றிலேயே எட்டு டிராக் டிஜிட்டல் ஒலியைப் பதிவுசெய்தது. மூன்று அடாட்களைச் சேர்த்தால் 24 டிராக். சிறிய ஸ்டூடியோக்கள் தலையெடுக்க அது பெரிய காரணம். 1996இல் ஸ்டைன்பெர்க் வி.எஸ்.டி. முறையைக் கொண்டுவந்தபோது, அலமாரி நிறைய இருந்த எக்கோ கருவியும் கம்ப்ரெஸ்ஸரும் மென்பொருளாகக் கணினிக்குள் நுழையத் தொடங்கின. அடுத்த பத்தாண்டில் டேப் ஓய்ந்தது.

கமகம் கேட்கும் கேள்வி

இந்தக் கருவிகள் எல்லாம் பியானோ கட்டைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. மிடியில் ஒரு ஸ்வரம் என்பது ஓர் எண். ஒன்றுக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவில் எதுவும் கிடையாது. நம் இசையோ அந்த நடுவில்தான் உயிர் வைத்திருக்கிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரமா என்ன? அது அசையும் பாதையே ஸ்வரம். கட்டையை அழுத்தினால் தோடி வராது.

வழி இல்லாமல் இல்லை. கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் 16,384 படிகளில் சுருதியை வளைக்கும். கர்நாடக மேடையில் கீபோர்டிலேயே முழுக் கச்சேரி வாசிக்கும் கே.சத்யநாராயணன் அந்தச் சக்கரத்தைக் கொண்டே கமகங்களைக் கொண்டுவருகிறார். பல ஆண்டு சாதகத்தில் வந்த கைவாகு அது. ஆனால் பழைய மிடியில் ஒரு சேனலில் சக்கரத்தைத் திருப்பினால் அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரமும் சேர்ந்து வளையும். ஒன்று நிற்க மற்றொன்று அசைவது நடக்காது. ஒவ்வொரு விரலுக்கும் தனிச் சேனல் கொடுக்கும் எம்.பி.இ. முறை 2018இல்தான் மிடியின் அதிகாரபூர்வப் பகுதியானது. அதற்கு முன்பே ரஹ்மான், கட்டைகளே இல்லாமல் விரலை வழுக்கி வாசிக்கும் கன்டினுவம் ஃபிங்கர்போர்டை 'டெல்லி 6' படத்தில் பயன்படுத்தினார். நம் இசையைத் தெரிந்தவர்கள் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது எதைத் தேடுகிறார்கள் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

குரலைத் திருத்தும் மென்பொருளில் இதே சிக்கல் இன்னும் கூர்மையாக வரும். 1997இல் வந்த ஆட்டோ-ட்யூனை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட், அதற்கு முன் நில அதிர்வு அலைகளைக் கணித்து எண்ணெய் இருக்கும் இடம் தேடும் துறையில் இருந்தவர். அங்கே பயன்பட்ட கணக்குகள் குரலின் சுருதியைக் கண்டுபிடிக்கவும் உதவின. மென்பொருளிடம் ஒரு ஸ்கேலைச் சொன்னால், விலகும் குரலை அருகில் உள்ள ஸ்வரத்துக்கு இழுத்துவிடும். ஓர் ஆங்கிலப் பாப் பாட்டுக்கு அது சரி. பிருகாவும் கமகமும் உள்ள ஒரு சங்கதியை அதில் கண்மூடிப் போட்டால், வளைந்து இறங்க வேண்டிய குரல் படிக்கட்டில் இறங்குவதுபோல் தடதடவென்று இறங்கும். மெலடைன் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் கையால் தொட்டுத் திருத்தலாம். எந்த அசைவு பிழை, எந்த அசைவு ராகம் என்று தெரிந்த இன்ஜினியரிடம் அது நல்ல கருவி. அது தெரியாதவரிடம் கொடுத்தால் ராகம் போய்விடும். சங்கீதம் தெரிந்த இன்ஜினியருக்குச் சென்னையில் இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

ஆர்.ஆர்.: பத்து விநாடியின் கணக்கு

பாட்டை விடக் கணினி அதிகம் உழைப்பது பின்னணி இசையில். கோடம்பாக்கத்தில் இதை இன்றும் ஆர்.ஆர். (ரீ-ரெக்கார்டிங்) என்றுதான் சொல்கிறார்கள். முன்பு ரீலைத் திரையில் ஓட்டிப் பார்ப்பார்கள். இசையமைப்பாளர் குறிப்பெடுத்து ஸ்வரம் எழுதுவார். படம் மறுபடி ஓட, ஆர்க்கெஸ்ட்ரா அதைப் பார்த்து வாசிக்கும். ஒரு ரீலைப் பார்த்த கையோடு தாளில் எழுதி முடித்துவிடும் இளையராஜாவின் வேகத்தை அவரோடு வாசித்தவர்கள் இன்றும் வியந்து சொல்வார்கள்.

இப்போது படம் மென்பொருளுக்குள்ளேயே ஓடுகிறது. நொடிக்கு 24 பிரேம், 48,000 மாதிரி, அதாவது ஒரு பிரேமுக்குச் சரியாக 2,000 மாதிரி. காட்சியில் கதவு அறையப்படும் இடம் பத்தாவது விநாடி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 96 அடி என்ற வேகத்தில் ஓர் அடி 15 பிரேம் நீளும். பத்து விநாடியில் 16 அடி, அதாவது ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம் முடிந்து அடுத்த சமத்தில் கதவு விழும். பார்ப்பவருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் உடம்பு அதை உணரும்.

மறுநாள் எடிட்டர் அந்தக் காட்சியில் 18 பிரேமை வெட்டிவிடுவார். பத்து விநாடி 9.25 ஆகிவிடும். அதே 16 அடியில் கதவு விழ வேண்டுமானால் வேகத்தை 103.8க்கு உயர்த்த வேண்டும், இல்லையென்றால் ஓரிடத்தில் ஓர் அடியை எடுத்துவிட்டு வேகத்தைச் சற்றே கூட்ட வேண்டும். மிடியாக இருந்தால் எண்ணை மாற்றினால் போதும். நாற்பது வயலின்கள் வாசித்துப் பதிவாகியிருந்தால் சிக்கல் பெரியது. படத்தொகுப்பு முடிவாகும் வரை இசையமைப்பாளர்கள் மிடி ஒலிகளோடே காத்திருப்பது இதனால்தான். வெளியீட்டுத் தேதி நெருங்கிவிட்டால் அந்தத் தற்காலிக ஒலிகளே படத்தில் நின்றுவிடுகின்றன. பல படங்களின் பின்னணி இசை ஒரே மாதிரி கேட்பதற்கு இது ஒரு பெரிய காரணம். இயக்குநர்களும் தயாரிப்பாளர்களும் ஆர்.ஆருக்குச் சில வாரங்களைக் கூடுதலாக ஒதுக்கினாலே இது பாதி சரியாகிவிடும்.

படத்துக்கு இசையைப் பொருத்துவது கணினி கொடுத்த திறமை என்று யாராவது நினைத்தால் அவர்கள் 'ஹே ராம்' கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேறொரு இசையமைப்பாளரின் பாடல்களுக்கு ஏற்கெனவே படம்பிடித்து முடித்திருந்த காட்சிகளுக்கு, நடிகர்களின் உதட்டசைவுக்குப் பொருந்தும்படி இளையராஜா புதிய மெட்டுகளைப் போட்டார். பின்னணி இசைக்கு புடாபெஸ்ட்டின் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. 2000இல் வந்த படம் அது. அன்று அதற்காகக் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. இன்று சென்னையில் உட்கார்ந்தபடியே இணைய இணைப்பில் கேட்டு, "பன்னிரண்டாவது பாரை மறுபடி எடுங்கள்" என்று சொல்ல முடிகிறது.

முடிந்த இசை ஒரே ஃபைலாகத் தியேட்டருக்குப் போவதில்லை. தாளம் தனி, ஸ்ட்ரிங்ஸ் தனி, தனி வாத்தியம் தனி என்று ஸ்டெம்களாகப் பிரித்து மிக்ஸிங் இன்ஜினியரிடம் கொடுக்கிறார்கள். வசனம் வரும் இடத்தில் அவர் வயலினைக் குறைத்து, அடியில் இருக்கும் ட்ரோனை அப்படியே விட முடியும். டால்பி அட்மாஸ் முறையில் 128 டிராக் வரை, 64 ஸ்பீக்கர் வரை போகலாம். 2012 டிசம்பரிலேயே 'சிவாஜி 3டி' அட்மாஸில் வந்துவிட்டது. ஹெட்போனில் மட்டுமே மிக்ஸ் கேட்டுப் பழகியவர்கள், ஒரு முறையாவது தியேட்டர் அளவுள்ள அறையில் தங்கள் இசையைக் கேட்டாக வேண்டும். பேஸ் எங்கே வழிகிறது, குரல் எங்கே மூழ்குகிறது என்பது அங்கேதான் தெரியும்.

பெட்டிக்குள் வயலின்கள், வெளியே வயலின்காரர்கள்

1998இல் கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள் வந்தது. கணினியின் நினைவகத்துக்குள் அடங்காத பெரிய ஒலித்தொகுப்புகளை ஹார்டு டிஸ்கிலிருந்து நேராக வாசிக்க அது வழி செய்தது. பிறகு கொன்டாக்ட், வியன்னா சிம்ஃபோனிக் லைப்ரரி என்று வரிசையாக வந்தன. ஒரே ஸ்வரத்தை மெல்ல, அழுத்தி, வெட்டி, இழுத்து எனப் பல விதமாக நிஜக் கலைஞர்களை வாசிக்க வைத்துப் பதிவுசெய்கிறார்கள். கட்டையை அழுத்தும் விதத்துக்கேற்ப மென்பொருள் அவற்றில் ஒன்றை எடுத்து ஒலிக்கிறது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பதிவை எடுப்பதால் இயந்திரத்தனமும் குறைகிறது.

இந்த வசதி யார் வயிற்றில் அடித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் முன்னின்று அமைத்த திரையிசைக் கலைஞர்கள் சங்கம், சென்னையில் வாத்தியக்காரர்களுக்கு நியாயமான ஊதியமும் மரியாதையும் வாங்கித் தந்தது. அந்தச் சங்கத்தை நம்பிய வயலின், செலோ, ட்ரம்பெட் கலைஞர்களின் கால்ஷீட்டுகள் 1990களுக்குப் பிறகு கரைந்தன. தலைமுறையாக வாசித்த குடும்பங்கள் பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்பின. கலை நுட்பத்தைக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் போனால், பிறகு பணம் இருந்தாலும் ஆர்க்கெஸ்ட்ரா கிடைக்காது. ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும், வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மேற்கத்திய வாத்தியங்களைக் கற்பிக்க அவர் அமைத்த சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவும் இந்த வெற்றிடத்துக்கு உருப்படியான பதில்.

வேலை தெரிந்தவர்கள் இரண்டையும் கலக்கிறார்கள். கணினியில் முப்பது வயலின்களை அடுக்கிவிட்டு, அதன் மேல் இரண்டு வயலின் கலைஞர்களை நேரில் வாசிக்க வைத்தால், காது அந்த இரண்டு வில்லின் உராய்வைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் நிஜமென்று ஏற்கிறது. 'பம்பாய்' தீம் இசையை நினைத்துப் பாருங்கள். நவீனின் புல்லாங்குழல் மூச்சை எடுத்துவிட்டால் அதில் என்ன மிஞ்சும்? சந்தோஷ் நாராயணன் இசையமைப்பாளர் ஆவதற்கு முன்பு ரெக்கார்டிங் இன்ஜினியராக இருந்தவர். கணினியின் இண்டு இடுக்கெல்லாம் தெரிந்தவர். 'கர்ணன்' படத்துக்கு அவர் கிடாக்குழி மாரியம்மாளைப் பாட வைத்தார். அந்தக் குரலின் மண் எந்த ஒலித்தொகுப்பிலும் விற்பனைக்கு இல்லை.

இறந்தவர் குரலும் வந்தாயிற்று

2024இல் 'லால் சலாம்' படப் பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களும் செயற்கை நுண்ணறிவால் மீண்டும் ஒலித்தன. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாக ரஹ்மான் பகிரங்கமாகத் தெரிவித்தார். அதே ஆண்டு 'கோட்' படத்தில் யுவன் ஷங்கர் ராஜா தன் மறைந்த சகோதரி பவதாரிணியின் குரலைக் கொண்டுவந்தார். கேட்டவர்கள் கலங்கினார்கள்.

அனுமதி, ஊதியம், வெளிப்படையான அறிவிப்பு ஆகிய மூன்றும் இல்லாமல் யாருடைய குரலையும் தொடக் கூடாது என்பது இங்கே வழக்கமாக வேண்டும். டிராக் பாடும் இளம் பாடகர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, தங்கள் குரலைக் கொண்டு இயந்திரத்தைப் பழக்கும் உரிமையை யாருக்குக் கொடுக்கிறோம் என்று படித்துப் பார்க்க வேண்டும். பெரிய பெயர்களுக்கு இருக்கும் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை.

இப்போது தொடங்குபவருக்கு

ரீப்பர் என்ற பதிவு மென்பொருளின் தனிநபர் உரிமம் 60 டாலர். ஆப்பிள் கணினியில் கராஜ்பேண்ட் இலவசம், ஆர்டர், எல்.எம்.எம்.எஸ். போன்ற திறந்த மென்பொருள்களும் உண்டு. பாட்டு நன்றாக வருவதை மென்பொருளின் விலை தீர்மானிப்பதில்லை. கையில் இருக்கும் பணத்தை முதலில் ஒரு நல்ல கண்டென்சர் மைக்குக்கும், அதற்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் இரண்டு உள்ளீட்டு இன்டர்ஃபேஸுக்கும், ஒரு தரமான ஹெட்போனுக்கும் செலவிடுவது நல்லது. அடுத்தது அறை. துணி அலமாரி, மெத்தை, கனத்த போர்வை இவை எதிரொலியைக் குடிக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தெரு அடங்கிய பிறகு பதிவுசெய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

பாடும்போது ஹெட்போனில் குரல் தாமதமாகக் கேட்கிறதா? பஃபர் அளவைப் பாருங்கள். 1,024 மாதிரி என்றால் 21 மில்லி விநாடி தாமதம். ஏழு மீட்டர் தள்ளி நிற்பவரோடு சேர்ந்து பாடுவதற்குச் சமம். 256 ஆக்கினால் ஐந்து மில்லி விநாடிதான். பதிவின்போது குறைத்து வையுங்கள். மிக்ஸ் செய்யும்போது கூட்டிக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் சேமிக்காத வேலையும் போய்விடும், அதனால் யு.பி.எஸ். இல்லாமல் உட்காராதீர்கள்.

இன்னொன்று, சேமிப்பு. மேற்கத்திய நொட்டேஷன் எழுத 1988 முதல் பயன்பட்டுவந்த ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சியை அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டு உழைப்பை அதில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஃபைல்களை மாற்ற ஓட வேண்டியதாயிற்று. எந்த மென்பொருளும் இப்படி ஒரு நாள் நின்று போகலாம். பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை முழு நீள வேவ் ஃபைலாக எடுத்து, பாட்டின் வேகம், சுருதி, தேதி எழுதி, இரண்டு வெவ்வேறு டிஸ்கில் வையுங்கள்.

அந்தக் குறிப்பிலேயே வாசித்தவர், பாடியவர், கோரஸ் கொடுத்தவர், பதிவுசெய்தவர் எல்லார் பெயரையும் எழுதிவிடுங்கள். ரஹ்மானின் கேசட்டுகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் அச்சாகி வந்ததால்தான் நவீன், சிவமணி, கீத் பீட்டர்ஸ் ஆகியோரை ரசிகர்கள் பெயர் சொல்லி அறிந்தார்கள். இன்று செயலிகளில் பாட்டைத் தேடினால் பெரும்பாலும் இசையமைப்பாளர், பாடகர் பெயரோடு நின்றுவிடுகிறது. உங்கள் ஊர் நாகஸ்வரக்காரரையோ பறைக் கலைஞரையோ அழைத்து ஒரு பாட்டைப் பதிவுசெய்தால், அவருக்கு உரிய ஊதியத்தைக் கொடுங்கள். பாட்டை வெளியிடும் இடத்தில், உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே அவர் பெயரையும் போடுங்கள்.